சுவரில் ஏறும் உண்ணி

நாய் வளர்க்கும் வீட்டுக்குள் நுழைந்தால் என் கண் முதலில் சுவரைத்தான் தேடும். கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையே விழுந்திருக்கும் பிளவு, ஜன்னல் சட்டத்தின் அடிப்புறம், சாமி படங்களின் பின்பக்கம், சுவிட்ச் பெட்டியின் ஓரம் என்று பார்த்துக்கொண்டே போவேன். கோலாலம்பூரில் செந்தூல், செத்தாபாக், கெப்போங் பக்கத்துப் பழைய தெரஸ் வீடுகளில் காரை பெயர்ந்த இடங்களுக்குக் குறைவே இல்லை. உண்ணித் தொல்லை பிடித்த வீடு என்றால், நாயின் காது மடலில் இருப்பதைவிட அந்தப் பிளவுகளில் ஒளிந்திருப்பவைதான் அதிகம்.

"மருந்து போட்டாயிற்று, குளிப்பாட்டியாயிற்று, உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கியும் எடுத்தாயிற்று. பிறகு எங்கிருந்துதான் வருகிறது?" என்று என்னிடம் கேட்காத நாய்க்காரர்கள் குறைவு. கேள்வியில் களைப்பு தெரியும், கொஞ்சம் கோபமும் தெரியும். நியாயமான கோபம்தான். பக்கத்து வீட்டு நாயைக் குறை சொல்வார்கள், தெருநாயைக் குறை சொல்வார்கள், மழையைக் குறை சொல்வார்கள். உண்ணி எப்படி வாழ்கிறது என்று தெரிந்துகொண்டால் குறை சொல்ல வேண்டிய இடம் வீட்டுக்குள்ளேயே இருப்பது புரியும்.

கோலாலம்பூர் வீடுகளில் நாய்களைப் பிடிக்கும் உண்ணி பெரும்பாலும் ஒரே வகைதான். பழுப்பு நாய் உண்ணி என்பார்கள். ரைபிசெஃபாலஸ் சாங்குவினியஸ் என்ற குழுவைச் சேர்ந்தது. உலகில் மிக அதிகமாகப் பரவியிருக்கும் உண்ணி இதுவே. மற்ற உண்ணிகளுக்குக் காடோ புல்வெளியோ வேண்டும். இதற்கு நாயும் அந்த நாய் படுக்கும் வீடும் போதும். மனிதன் கட்டிய கட்டடத்துக்குள்ளேயே பிறந்து, வளர்ந்து, முட்டையிட்டுச் சாகும் ஆற்றல் இதற்கு உண்டு.

உண்ணி பூச்சியினம் அல்ல. சிலந்தி, தேள் ஆகியவற்றின் உறவு. முட்டையிலிருந்து வரும்போது ஆறு கால். அடுத்த பருவத்திலிருந்து எட்டுக் கால். குஞ்சு, இளம் பருவம், முதிர் பருவம் என மூன்று நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் ஒரே ஒரு முறை வயிறு நிறைய ரத்தம் குடிக்கிறது. குடித்து முடித்ததும் நாயிடமிருந்து கீழே விழுந்துவிடுகிறது. எங்காவது ஒளிந்து, தோலுரித்து, அடுத்த நிலைக்கு மாறி, மறுபடியும் ஒரு நாயைத் தேடி வருகிறது. குஞ்சு நாயின் மேல் இருப்பது சில நாட்கள். இளம் உண்ணி ஏறக்குறைய ஒரு வாரம். முதிர்ந்த பெண் உண்ணி ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை. மீதி வாழ்நாள் முழுவதும் நாய்க்கு வெளியேதான் கழிகிறது. பசித்த முதிர் உண்ணி ஒரு வருடத்துக்கும் மேல் உணவின்றிக் காத்திருக்கும். வீட்டைப் பூட்டிவிட்டுப் பல மாதம் ஊரில் இல்லாமல் போய்த் திரும்பினாலும், அது சுவரில் இருக்கும்.

வயிறு நிறைந்த பெண் உண்ணியைப் பார்த்திருப்பீர்கள். குடிக்கும் முன் மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் தட்டையாக, செம்பழுப்பு நிறத்தில் இருந்தது, குடித்த பின் ஆமணக்கு விதை போல உப்பிச் சாம்பல் நிறமாகிவிடும். அந்த நிலையில் அது தரையில் விழுந்து மெதுவாக நகர்வதைக் கண்டால் சற்று நின்று கவனியுங்கள். தரையிலேயே சுற்றாது. சுவரை நோக்கிப் போகும், ஏறும், மேலே மேலே ஏறி ஒரு பிளவில் நுழையும். அங்கே சில நாட்களுக்குப் பின் முட்டையிடத் தொடங்கி, ஆயிரக்கணக்கில் இட்டு முடித்துச் சாகும். ஒரு பெண் உண்ணி 4,000 முட்டை வரை இடக்கூடியது. குஞ்சுகள் பொரிந்து இறங்கும்போது ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சுவரில் ஏதோ பழுப்புப் பொடி அசைவதாகத்தான் தோன்றும்.

குளிர்நாடுகளில் உண்ணிக்குப் பருவம் உண்டு. பனிக்காலத்தில் மக்களுக்கு ஓய்வு கிடைக்கும். கோலாலம்பூரில் ஜனவரியும் ஒன்றுதான், ஜூலையும் ஒன்றுதான். முட்டையிலிருந்து முட்டை வரையான வட்டத்தை வெப்பமான இடத்தில் இரண்டு மூன்று மாதங்களில் இது முடித்துவிடும். ஒரு வருடத்துக்குள் எத்தனை தலைமுறை என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கடியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோய் அங்கேதான் கைமாறுகிறது. உண்ணியின் முன்னங்கால்களில் ஹாலர் உறுப்பு என்ற நுண்ணிய குழி இருக்கிறது. நாயின் மூச்சிலிருந்து வரும் கரியமில வாயு, உடல் வெப்பம், ஈரம் எல்லாவற்றையும் அதைக்கொண்டு உணர்கிறது. தோலைக் கண்டதும் அதைக் கீறி, பின்னோக்கிய முட்கள் கொண்ட ஒரு குழலைச் செருகுகிறது. பல வகை உண்ணிகள் அந்த இடத்தைச் சுற்றிப் பசை போன்ற ஒன்றைச் சுரந்து தம்மைப் பொருத்திக்கொள்கின்றன. உமிழ்நீரில் வலியை மழுக்கும் பொருள், ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள், உடலின் எதிர்ப்பை அடக்கும் பொருள் எல்லாம் கலந்திருக்கின்றன. குடிக்கும் ரத்தத்தில் உள்ள அதிகப்படியான நீரை உமிழ்நீர் வழியாக நாயின் உடலுக்குள்ளேயே திருப்பித் துப்புகிறது. உண்ணியின் உடலில் கிருமி இருந்தால், அது அந்த நீரோடு நாய்க்குப் போய்ச் சேர்கிறது.

இனி டைகரைப் பற்றி. எதிர் வீட்டு அக்காவின் நாய். கார் நிறுத்தும் இடத்தில் பழைய சாக்கின் மேல் படுத்திருக்கும் கலப்பின நாய். ஒரு மழைக்காலத்தில் அதன் மேல் உண்ணி கொட்டிக் கிடந்தது. அக்கா விடவில்லை. தினமும் மாலையில் முற்றத்து விளக்கைப் போட்டு, கால் விரல் இடுக்கு, காது, கழுத்துப்பட்டியின் அடி எல்லாம் தேடி எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டுக்கொண்டே இருந்தார். உடம்பில் ஒன்றுகூட இல்லை என்ற நிலை வந்தது. அதற்குச் சில வாரம் கழித்துத்தான் டைகர் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுக்க ஆரம்பித்தது. கோழி ஈரலைக்கூடத் தொடவில்லை.

"வயதாகிவிட்டது தம்பி, அதுதான்" என்றார் அக்கா.

நான் டைகரின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்துக் கிடந்தது. வயிற்றில் முடி குறைவான இடத்தில் குண்டூசித் தலையளவு சிவப்புப் புள்ளிகள். விரலால் அழுத்திப் பிடித்தாலும் மறையவில்லை. தோலுக்கடியில் ரத்தம் கசிந்தால்தான் அப்படி இருக்கும். தரையில் அது தலை வைத்திருந்த இடத்தில் மூக்கிலிருந்து சொட்டிக் காய்ந்த ரத்தம். டிங்கிக் காய்ச்சலுக்கு நடுவே வாழும் ஊர் இது. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களைப் பற்றி இங்கே குழந்தைகளும் அறிவார்கள். அக்காவும் புரிந்துகொண்டார். அன்றே இருவரும் டைகரைக் காரில் ஏற்றினோம்.

கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்தார். பிளேட்லெட் மிகவும் குறைந்திருந்தது. ஒரு சிறு சோதனைப் பட்டையில் இரண்டு சொட்டு விட்டுச் சில நிமிடம் காத்திருந்ததில் எர்லிக்கியா என்று காட்டியது. "உண்ணியே இல்லையே டாக்டர், நான்தான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேனே" என்றார் அக்கா. "எடுத்தது நல்லது. கடித்தது அதற்கு முன்பே நடந்துவிட்டது" என்றார் மருத்துவர்.

உண்ணிக் காய்ச்சலில் மக்கள் தடுமாறும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். உண்ணி தெரியும்போது நோய் தெரிவதில்லை; நோய் தெரியும்போது உண்ணி இருப்பதில்லை. எர்லிக்கியா கேனிஸ் என்ற பாக்டீரியா நாயின் வெள்ளையணுக்களுக்குள் புகுந்து வாழ்வது. கடித்து எட்டிலிருந்து இருபது நாட்களுக்குப் பின் காய்ச்சல், சோர்வு, பசியின்மை என்று தொடங்கும். சில வாரங்களில் அது தானாகவே தணிந்ததுபோல் தோன்றும். நாய் ஓடும், குரைக்கும், சாப்பிடும். ஆனால் கிருமி உள்ளேயே தங்கியிருக்கும். மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில். பிறகு ஒருநாள் மூன்றாம் கட்டம் வந்தால் எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உற்பத்தி செய்வதையே குறைத்துவிடும். அந்தக் கட்டத்தில் வரும் நாய்களைக் காப்பாற்றுவது மிகக் கடினம். ஜெர்மன் ஷெப்பர்ட் இன நாய்களுக்கு இந்த நோய் மற்ற இனங்களைவிடக் கடுமையாக வருகிறது. அந்த இனம் வளர்ப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்.

இந்த நோயின் வரலாற்றில் நம் பகுதிக்கு ஒரு பங்கு உண்டு. கிருமியை முதலில் 1935இல் அல்ஜீரியாவில் கண்டார்கள். ஆனால் அது எவ்வளவு கொடியது என்பதை உலகம் உணர்ந்தது 1960களில், சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் மோப்ப நாய்கள் மூக்கில் ரத்தம் ஒழுகிச் சாகத் தொடங்கியபோதுதான். அடுத்து வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவம் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்களை இதே நோய்க்கு இழந்தது. காட்டில் எதிரியை மோப்பம் பிடிக்கப் பழக்கப்பட்ட நாய்கள் அவை. அந்த இழப்புக்குப் பின்தான் ஆராய்ச்சி வேகமெடுத்து, காரணம் பழுப்பு நாய் உண்ணி சுமக்கும் எர்லிக்கியா என்று உறுதியாயிற்று. இன்று செந்தூலில் ஒரு நாய்க்கு இரண்டு சொட்டு ரத்தத்தில் விடை கிடைக்கிறது என்றால் அதன் பின்னால் அந்த நாய்களின் சாவு இருக்கிறது.

இதே உண்ணி வேறொரு கிருமியையும் சுமக்கிறது. பபேசியா. மலேரியாக் கிருமியைப் போலவே சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கும் ஒட்டுண்ணி. ஈறு வெளுக்கும், சிறுநீர் கருஞ்சிவப்பாக வரும், கண்ணின் வெள்ளைப்பகுதி மஞ்சளாகலாம். பபேசியாவில் பல வகைகள் உண்டு. அவற்றுள் குணப்படுத்தக் கடினமான பபேசியா கிப்சோனை என்பது முதன்முதலாக விவரிக்கப்பட்டது நம் சென்னையில். 1910இல் மெட்ராஸ் வேட்டைக் கழகத்தின் நாய்களுடைய ரத்தத்திலும், பிறகு நரியின் ரத்தத்திலும் டபிள்யூ. எஸ். பேட்டன் அதைக் கண்டார். அந்த வகை உண்ணி இல்லாமலேயே, நாய்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும்போது ரத்தம் வழியாகவும் பரவும். தெருச் சண்டையில் அடிபட்டு வரும் நாய்க்கு ரத்தச் சோதனை செய்யச் சொல்லி நான் வற்புறுத்துவதற்கு அதுவே காரணம்.

உண்ணி நோயைப் பரப்பும் என்ற அறிவே ஏறக்குறைய 130 வருடப் பழைமையானதுதான். 1893இல் தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்ற இரு அமெரிக்கர்கள், மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற டெக்சாஸ் காய்ச்சலை உண்ணிதான் கொண்டு போகிறது என்று நிரூபித்தார்கள். அதுவும் பபேசியாதான். ஈ, கொசு, உண்ணி போன்றவை நோயைச் சுமந்து இன்னோர் உடலுக்கு ஏற்றும் என்பதற்கு அந்தக் காலத்தில் கிடைத்த முதல் தெளிவான சான்றுகளில் ஒன்று அது.

டைகருக்கு மருத்துவர் கொடுத்தது டாக்சிசைக்ளின் மாத்திரை, 28 நாட்களுக்கு. இரண்டாம் நாளே அது எழுந்து வாலை ஆட்டியது. எர்லிக்கியாவின் தொடக்கக் கட்டத்தில் மருந்து பட்டதும் பெரும்பாலும் இப்படித்தான் தேறும். ஆபத்தும் அங்கேயே தொடங்குகிறது. நாய் நன்றாகிவிட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை என்று தோன்றும். பாதியில் நிறுத்தினால் கிருமி மறைந்து உட்கார்ந்துகொள்ள இடம் கொடுத்ததாகிவிடும். மருத்துவர் அதை அக்காவிடம் அழுத்திச் சொன்னார். அக்கா நாட்காட்டியில் கோடு போட்டு 28 நாளும் கொடுத்தார். மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரலாம், எனவே சோற்றோடு கொடுங்கள். பாலோடு மட்டும் வேண்டாம், மருந்து உடலில் சேர்வது குறையும். இன்னொன்று: அந்தச் சோதனைப் பட்டை பார்ப்பது கிருமியை அல்ல, அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை. நோய் தணிந்த பிறகும் பல மாதங்கள் அது நேர்மறையாகவே காட்டும். எனவே குணமாகிவிட்டதா என்று பார்க்கப் பட்டையைத் திரும்பத் திரும்பப் போடுவதில் பயனில்லை. பிளேட்லெட் எண்ணிக்கை ஏறி நிலைக்கிறதா என்று பாருங்கள்.

பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். டிங்கிக்குக் கொடுத்த பழக்கம். இங்கே பிளேட்லெட்டை அழிப்பது வெள்ளையணுக்களுக்குள் உட்கார்ந்திருக்கும் பாக்டீரியா. சாறு அதைத் தொடாது. சாற்றை நம்பி ஒரு வாரம் தள்ளிப்போட்டால் அந்த வாரத்தைத் திரும்பப் பெற முடியாது.

நம்மிடையே உலவும் வேறு வைத்தியங்களைப் பற்றியும் மனம் விட்டுச் சொல்லிவிடுகிறேன். எஸ்டேட் காலத்திலிருந்தே நாய்க்கு மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் உண்டு. பட்டறையில் கிடைக்கும் பழைய எஞ்சின் எண்ணெயைப் பூசுபவர்களும் இருக்கிறார்கள். தோல் வெந்துபோகும், நாய் நக்கினால் குடல் வரை போகும். இதைச் செய்பவர்கள் கொடுமைக்காரர்கள் அல்லர், கையில் கிடைத்ததைக் கொண்டு நாயைக் காப்பாற்ற முயன்றவர்கள். ஆனால் இன்று அதற்கு அவசியமே இல்லை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதால் பெரிய கேடு இல்லை. உண்ணியை ஒழிக்கும் என்று மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

இப்போது கிடைக்கும் மருந்துகளில் எனக்கு அதிக நம்பிக்கை உள்ளவை வாயால் கொடுக்கும் மாத்திரைகள்; ஃப்ளூரலானர், அஃபாக்சொலானர் போன்றவை. அஃபாக்சொலானர் மாதத்துக்கு ஒருமுறை, ஃப்ளூரலானர் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நாயின் ரத்தத்தில் மருந்து இருக்கும். கடித்த உண்ணி செத்துவிழும். வலிப்பு வந்த வரலாறுள்ள நாய்களுக்கு இவற்றைக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் பேசியாக வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் இதுபற்றி எச்சரித்திருக்கிறது. பூனையும் உள்ள வீடு என்றால் இன்னும் ஒரு முக்கியமான விஷயம். நாய்களின் முதுகில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனைக்கு நஞ்சு. நாய்க்குப் போட்ட மருந்தைப் பூனை நக்கினாலே போதும். பெட்டியின் மேல் உள்ள எழுத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

எந்த மாத்திரையும் கடித்த பிறகுதான் கொல்லும். எர்லிக்கியாவோ, உண்ணி ஒட்டிய சில மணி நேரத்திலேயே நாய்க்குள் போக முடியும். மூன்று மணி நேரத்தில் பரவியதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ஆகவே மாத்திரை போட்டோம், கதை முடிந்தது என்று வீட்டைக் கவனிக்காமல் விட முடியாது. மறுபடியும் சுவரிடமே வர வேண்டியிருக்கிறது.

டைகர் தேறிக்கொண்டிருந்தபோது அக்கா வீட்டில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். படுக்கைச் சாக்கை எறிந்துவிட்டு, கொதிநீரில் துவைக்கக்கூடிய துணியைப் போட்டோம். கார் நிறுத்தும் இடத்துச் சுவரில் கையில் டார்ச் விளக்கோடு கீழிருந்து மேலாகப் பார்த்தோம். கூரைக்குச் சற்றுக் கீழே, மின்கம்பி போகும் பிளாஸ்டிக் குழாயை மெல்ல நெம்பி எடுத்தபோது அதன் பின்னால் முட்டைக் குவியல் இருந்தது. பழுப்பு நிறத்தில், ஒட்டிக்கொண்டு, மினுமினுப்பாக. அதன் அருகே முட்டையிட்டு ஓய்ந்த தாய் உண்ணி சுருங்கிக் கிடந்தது. முன்வாசல் மேலே மாட்டியிருந்த முருகன் படத்தை இறக்கினோம். சட்டத்துக்கும் அட்டைக்கும் நடுவே இளம் உண்ணிகள் வரிசையாக ஒண்டியிருந்தன. அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு படத்தைத் துடைத்துக் கும்பிட்டுவிட்டு, "இத்தனை நாளும் நாயைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்" என்றார்.

வேக்கும் கிளீனரால் உறிஞ்சி, பையை இறுகக் கட்டி வெளியேற்றினோம். பிளவுகளைச் சிமெண்ட் கலவையாலும் சிலிகான் பசையாலும் அடைத்தோம். பூச்சி மருந்து அடிப்பவரை அழைத்தால் அவர் வழக்கம்போலத் தரையோரம் அடித்துவிட்டுப் போகப் பார்ப்பார். சுவரின் மேல்பகுதி, கூரையோரம், கதவு நிலை, படங்களின் பின்புறம் என்று நாம்தான் காட்ட வேண்டும். ஒருமுறை அடித்தால் முட்டை சாகாது. பொரிந்து வரும் குஞ்சுகளுக்காகச் சில வார இடைவெளியில் மறுபடியும் அடிக்க வேண்டும். இவற்றைச் செய்யும் காலம் முழுவதும் நாய்க்கு மாத்திரை தவறக் கூடாது. சுவரிலிருந்து இறங்கி வரும் மீதி உண்ணிகள் அந்த நாயைக் கடித்துத்தான் சாக வேண்டும். நெருப்பு வைத்துச் சுவரைச் சுட்டுப் பார்ப்பவர்களை அறிவேன். மின்கம்பி ஓடும் சுவரில் அந்த வேலை வேண்டாம்.

மனிதர்களுக்கு என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. பழுப்பு நாய் உண்ணி நாயைத்தான் விரும்பும். வீட்டில் மிகவும் பெருகிவிட்டால் மனிதரையும் கடிக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றும் லைம் நோய் பயம் இதற்குப் பொருந்தாது. லைம் நோய் 1970களில் அமெரிக்காவின் கனெடிகட்டில் ஒரு சிற்றூரில் தனியாக அடையாளம் காணப்பட்டது. அதைப் பரப்புவது இக்சோடிஸ் என்ற வேறு இனம். எந்த உண்ணி, எந்தக் கிருமி என்பது எப்போதும் தனித்தனிக் கணக்கு. பழுப்பு நாய் உண்ணியால் மனிதருக்கு வருவது, மத்தியதரைக்கடல் நாடுகளிலும் மெக்சிகோவிலும் காண்பதுபோன்ற, ரிக்கெட்சியா கிருமிகளின் புள்ளிக் காய்ச்சல் வகைகள்.

காட்டு உண்ணி வேறு. அதற்குக் கோலாலம்பூர்க்காரர்கள் நீண்ட தூரம் போக வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நம்மவர்கள் குடும்பத்தோடு அருவிக்கும் மலையேற்றத்துக்கும் போகும் உலு லங்காட் காட்டில்தான் 1956இல் காட்டு எலிகளின் உண்ணியிலிருந்து ஒரு புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். லங்காட் வைரஸ் என்றே உலகம் அதை அழைக்கிறது. ரஷ்யாவிலும் ஐரோப்பாவிலும் மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் உண்ணி வைரஸின் நெருங்கிய உறவு. ஆனால் இயற்கையில் மனிதருக்கு நோய் உண்டாக்கியதாக அறியப்படவில்லை. அந்தச் சாதுத்தன்மையை நம்பி, அதையே ஆபத்தான உறவுக்கு எதிரான தடுப்பூசியாக்கச் சோவியத் நாட்டில் முயன்றார்கள். போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு மூளைக்காய்ச்சல் வந்ததால் கைவிட்டார்கள். அதே உறவில் இன்னொன்று, 1957இல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டுக் காய்ச்சல். குரங்குகளையும் மனிதரையும் கொல்லும் அந்த நோயும் உண்ணியால்தான் பரவுகிறது.

நம் முன்னோரை அதிகம் வாட்டியது உண்ணியல்ல, அதன் சின்ன உறவான சிலந்திப்பேனின் குஞ்சு. புதர் டைபஸ் காய்ச்சல் அதனால் வருவது. 1900இல் தொடங்கப்பட்ட கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் 1920களில் வில்லியம் ஃபிளெட்சரும் சக ஆய்வாளர்களும் நகரத்து டைபஸ் வேறு, புதர் டைபஸ் வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். அவர்கள் பார்த்த நோயாளிகளில் செம்பனைத் தோட்டத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அந்தக் காலத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பகுதி யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. 1948இல் அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஸ்மாடலின் குழு இங்கே வந்து குளோரம்ஃபெனிக்காலைச் சோதித்தது. அந்தக் காய்ச்சலுக்குக் கிடைத்த முதல் சரியான மருந்து அதுதான். லயத்து வீடுகளில் பெயர் தெரியாத காய்ச்சலில் போனவர்களைப் பற்றி என் பாட்டி சொன்ன கதைகளை, இந்த வருடங்களைப் படித்த பிறகு நான் வேறு விதமாகக் கேட்கிறேன்.

புதரிலோ காட்டிலோ புல்வெளியிலோ இருந்து வந்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், உடம்பில் கருகிய பொருக்குப்போல ஒரு புண் இருக்கிறதா என்று இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் பாருங்கள். வலிக்காது, அரிக்காது, அதனால் தெரியாமலே போகும். எங்கே போய் வந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். டிங்கிச் சோதனை இல்லை என்று வந்துவிட்டால் அங்கேயே நின்றுவிடக் கூடாது.

மலேசிய மருத்துவமனைகளின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுகளில் பழகிய வேறொரு காட்சி, காதுக்குள் புகுந்த உண்ணி. செவிக்குழாயின் உள்ளே தோலில் ஒட்டிக்கொள்ளும்; தாங்க முடியாத வலி; அரிதாக முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்துபோனதும் உண்டு. வீட்டில் நோண்டாமல் உடனே போக வேண்டும்.

தோலில் ஒட்டியிருக்கும் உண்ணியை எடுப்பது எளிது, அவசரப்படாமல் இருந்தால். முனை கூரான சிறு இடுக்கியால் தோலை ஒட்டி, அதன் வாய்ப்பகுதியைப் பிடிக்க வேண்டும். உப்பிய வயிற்றைப் பிடித்தால் உள்ளிருப்பது நமக்குள் பீய்ச்சப்படலாம். முறுக்காமல், சுண்டாமல், ஒரே சீராக நேராக இழுத்தால் வந்துவிடும். வாய்முள் சற்றுத் தங்கிவிட்டால் தோண்டாதீர்கள், தோல் தானே தள்ளிவிடும். தீக்குச்சியால் சுடுவதும், வாஸ்லின் பூசுவதும், மண்ணெண்ணெய் விடுவதும் உண்ணியை அவஸ்தைக்குள்ளாக்கி இன்னும் அதிகமாகத் துப்பவைக்கக்கூடும். நகத்தால் நசுக்குவதையும் விட்டுவிடுங்கள். விரலில் கீறல் இருந்தால் கிருமி அதன் வழியே போகலாம். எடுத்த இடத்தையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எடுத்த உண்ணியைக் கிளினிக்கில் கிடைக்கும் ஸ்பிரிட் சிறிது ஊற்றிய மருந்துப் புட்டியில் போட்டு மூடி, மேலே அன்றைய தேதியையும் கடித்த இடத்தையும் எழுதி ஒட்டுங்கள். நாய்க்கு என்றால் நாயின் பெயரும் இருக்கட்டும். அக்கா வீட்டுக் குளிர்பெட்டியின் மேல் இப்போது அப்படி ஒரு புட்டி இருக்கிறது. மூன்று வாரம் கழித்து நாய் சாப்பாட்டைத் தொடாமல் படுத்தால், மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்தத் தேதியைத்தான்.